தோற்கத் தெரிந்த ஆள் தேவை

தான் ஒரு புரட்சிக்காரர் என்ற செய்தி லிஃப்ட்காரருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் வைத்துத் தெரியவந்தது. சொன்னவர் கட்சியின் பொதுச் செயலாளர். சொல்வதற்கு முன்னால் அவரே கையை நீட்டி, லிஃப்டை நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். இருபத்திரண்டு வருட சர்வீஸில் தன் பொத்தானை இன்னொருவர் அழுத்திப் பார்த்தது லிஃப்ட்காரருக்கு அதுதான் முதல் தடவை. விஷயம் பெரிது என்று அதிலேயே புரிந்துபோயிற்று.

"உட்கட்சி ஜனநாயகத்துக்காக நீ கொந்தளிச்சுப் போயிருக்கே" என்றார் பொதுச் செயலாளர்.

"நானாங்கய்யா?"

"நீதான். ரொம்ப நாளாவே கொந்தளிச்சிட்டு இருக்கே. அதனால செயல் தலைவர் பதவிக்கு மூத்தவரை எதிர்த்து நிக்கிறே. மனுவெல்லாம் நானே எழுதிட்டேன். கையெழுத்து மட்டும் போட்டுடு."

லிஃப்ட்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டார். இடம் இல்லாததால் பொதுச் செயலாளர் தன் முதுகைக் காட்டி நின்றார். அதன்மேல் வைத்துத்தான் போட்டார்.

அந்தக் கட்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தலைவருடைய அப்பா பெயின்ட் கம்பெனி நடத்தியவர். ஒரு வருடம் கடுகு நிறப் பெயின்டை யாரும் சீண்டவில்லை. கிடங்கு கிடங்காகத் தேங்கிவிட்டது. மனிதர் யோசித்தார். அதே நிறத்தில் கொடி, பெயின்ட் பிரஷ் சின்னம் என்று ஒரு கட்சியை ஆரம்பித்தார். ஆறே மாதத்தில் மாநிலத்தில் கடுகு நிறம் பூசாத சுவர் இல்லை. கொள்கை என்ன என்று கேட்டவர்களைச் சுவரைப் பார்க்கச் சொன்னார். ஜனங்களும் பார்த்தார்கள், இரண்டு தடவை ஆட்சியைக் கொடுத்தார்கள்.

அவரிடமிருந்து கம்பெனியும் கட்சியும் மகனுக்கு வந்தன. அவர்தான் இப்போது தலைவர், வயது எழுபத்தொன்று. தலைமையகம் நான்கு மாடிக் கட்டடம். நான்காவது மாடியில் தலைவர். மூன்றாவதில் மூத்த மகன், இரண்டாவதில் மகள், முதல் மாடியில் சின்னவர். மூன்று பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவர் லிஃப்டில் இருக்கும்போது இன்னொருவர் வாசலில் காரைவிட்டு இறங்கினால், அந்த நிமிடமே லிஃப்ட் பழுதாகிவிட வேண்டும்; முதலாமவர் இறங்கிப் போனதும் சரியாகிவிட வேண்டும். லிஃப்ட்காரரின் தொழில் திறமை என்பது முக்கால்வாசி இதுதான். மற்றபடி அவர் எதிரிலேயே எல்லோரும் எல்லாவற்றையும் ஃபோனில் பேசுவார்கள். அவர் வெளியே மூச்சுவிட மாட்டார். அங்கே வேலைக்குச் சேருகிற எல்லோருக்கும் யூனிஃபார்மோடு சேர்த்துக் கட்சி உறுப்பினர் அட்டையும் கொடுப்பார்கள். அந்த வகையில் அவரும் கட்சிக்காரர்தான்.

தேர்தல் ஆணையத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. 'தங்கள் கட்சியில் முப்பத்தொரு ஆண்டுகளாக உட்கட்சித் தேர்தல் நடக்கவில்லை, இந்த மாதத்துக்குள் நடத்தாவிட்டால் சின்னம் முடக்கப்படும், நடக்கும்போது எங்கள் அதிகாரி வந்து உட்காருவார்' என்று எழுதியிருந்தார்கள். மூத்தவரைச் செயல் தலைவராக்குவது எப்படியும் முடிவான சங்கதி. ஆனால் தேர்தல் என்றால் எதிரே ஒரு ஆள் நிற்க வேண்டும். அங்கேதான் சிக்கல். மாவட்டச் செயலாளர் ஒருவரைக் கேட்டார்கள். அவர் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டார். முன்னாள் மந்திரி ஒருவர், தலைவர் குடும்பத்தின் பெயருக்கு எதிரே தன் பெயரை எழுதினால்கூடக் கை அழுகிவிடும் என்று அழுதார். கடைசியில் பொதுச் செயலாளர் உறுப்பினர் பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு, இதுவரை எதையுமே கேட்காத ஆள் யார் என்று தேடினார். ஒரே ஒரு பெயர்தான் அகப்பட்டது.

"தோத்துட்டா வேலைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

"தோத்தாத்தான்யா வேலையே இருக்கும்" என்றார் பொதுச் செயலாளர்.

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் கவுன்ட்டரில் வேலை பார்ப்பவள். தினம் அறுநூறு பேரை 'உட்காருங்க, கூப்பிடுவாங்க' என்று சொல்லிச் சமாளித்துச் சமாளித்து, எதற்கும் பதறாத மனசு வந்திருந்தது.

"எதிர்த்து நிக்கிறீங்க, சரி. எதை எதிர்த்து நிக்கிறீங்க?"

"அதைக் கேக்க மறந்துட்டேன்" என்றார் அவர்.

அடுத்த நாளிலிருந்து அவருக்குத் தோற்பதற்குப் பயிற்சி தொடங்கியது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பொதுச் செயலாளர் நேரிலேயே வந்து வகுப்பெடுத்தார். கையைக் கூப்பினால் நெஞ்சுக்கு மேலே போகக்கூடாது; போனால் தலைவர் தோரணை வந்துவிடும். பேசும்போது முதல் இரண்டு வரி கேட்கவேண்டும், அப்புறம் கேட்கக்கூடாது. தோல்விச் செய்தி வந்ததும் முகத்தில் முதலில் திகைப்பு, பிறகு தெளிவு, கடைசியில் ஆனந்தம் வரவேண்டும். லிஃப்ட்காரருக்குத் திகைப்பு நன்றாக வந்தது. தெளிவு மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை வேட்பாளர் அறிமுகக் கூட்டம். பொதுக்குழு உறுப்பினர்கள் அறுபத்து மூன்று பேரும் வந்திருந்தார்கள். பாதிப் பேர் தலைவருக்குச் சொந்தம். மீதிப் பேர் பெயின்ட் கம்பெனி மேலாளர்கள். மூத்தவரின் தியாக வரலாற்றைப் பொதுச் செயலாளர் வாசித்தார். வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தபோது, அங்கே சீதோஷ்ணம் அவ்வளவு நன்றாக இருந்தும், மக்களுக்காகத் திரும்பி வந்தவர். ஏழு வயதில் அப்பாவின் பொதுக்கூட்டம் முடியும்வரை காரிலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர். அதில் கடைசி இருபது நிமிடம் ஏசி வேலை செய்யவில்லை. இந்த இடத்தில் கம்பெனி மேலாளர் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார்.

பிறகு பொதுச் செயலாளர் குரலை உயர்த்தினார்.

"வாரிசு அரசியல் என்று நம்மைத் தூற்றுகிறார்கள். நான் கேட்கிறேன். இந்த ஐம்பது ஆண்டுகளில் இந்தக் கட்சி ஒரே ஒரு குடும்பத்தின் வாரிசுகளுக்குத்தான் பதவி கொடுத்திருக்கிறது. வேறு எந்தக் குடும்பத்தின் வாரிசையாவது நாம் அண்டவிட்டதுண்டா? கிடையாது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாரிசுகளைத் தடுத்து நிறுத்திய ஒரே இயக்கம் இது. வாரிசு அரசியலை எதிர்ப்பதில் நம்மை மிஞ்ச இந்த மாநிலத்தில் ஆள் இல்லை."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடுத்து லிஃப்ட்காரரின் முறை. 'நான் ஏன் தகுதியற்றவன்' என்று நான்கு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். எனக்கு நிதிநிலை அறிக்கை தெரியாது, சட்டம் தெரியாது, மக்கள் பிரச்சினை என்னவென்று தெரியாது, எனக்கு வாடகைப் பிரச்சினை ஒன்றுதான் தெரியும், அது மக்கள் பிரச்சினையா என்றும் தெரியாது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பழைய உறுப்பினர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், அந்த மேடையில் ஒருவர் 'தெரியாது' என்று சொல்லி இப்போதுதான் கேட்பதாகச் சொன்னார்.

வினை அன்று சாயங்காலமே தொடங்கியது. மகள் லிஃப்டில் ஏறினார். இரண்டாவது மாடி வந்தும் இறங்கவில்லை. கதவை மூடச் சொன்னார். அண்ணனை எதிர்த்து நிற்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டதால்தான் தான் நிற்கவில்லை என்றும், அதற்காக அண்ணன் முழுசாக ஜெயித்துவிடக் கூடாது என்றும், பொதுக்குழுவில் தனக்கு வேண்டிய பதினான்கு பேரை லிஃப்ட்காரருக்குப் போடச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். வெறும் பாடம் கற்பிக்கத்தானாம். யாரிடமும் மூச்சுவிடக் கூடாதாம்.

சனிக்கிழமை சின்னவர் ஏறினார். அவருக்கு அண்ணனையும் பிடிக்காது, அக்காவையும் பிடிக்காது. தன் ஆட்கள் பதினொரு பேர் என்றார். அவரும் பாடம் கற்பிக்கத்தான். அவரும் மூச்சுவிடக் கூடாது என்றார்.

திங்கட்கிழமை தலைவரே ஏறினார். தலைவர் லிஃப்டில் பேசமாட்டார் என்பது கட்டடம் அறிந்தது. அன்றைக்குப் பேசினார்.

"பையனுக்கு ஒரேயடியா எல்லா ஓட்டும் விழுந்துடுச்சுன்னா, நாளைக்கு என் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருவான். எங்கப்பாவுக்கு நான் அதைத்தான் பண்ணேன். பன்னெண்டு பேரை உனக்குப் போடச் சொல்லியிருக்கேன். வெச்சுக்கோ."

செவ்வாய்க்கிழமை மூத்தவர். அவர் இடது கையிலிருந்த கைப்பேசியில் எதையோ படித்துக்கொண்டே, அறுபத்து மூன்றுக்குச் சைபர் என்று வந்தால் பேப்பர்காரர்கள் சிரிப்பார்கள், அதனால் கௌரவத்துக்காகத் தன் ஆட்களில் ஒன்பது பேரை அவருக்குப் போடச் சொல்லிவிட்டதாகவும், அதற்காக நன்றி கின்றி என்று வந்து நிற்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு இறங்கினார்.

லிஃப்ட்காரர் அன்று ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனதும், யார் எவர் என்று சொல்லாமல் நான்கு எண்களை மட்டும் மனைவியிடம் சொல்லிக் கூட்டச் சொன்னார். பதினாலு, பதினொண்ணு, பன்னெண்டு, ஒம்பது. அவள் காய் நறுக்கியபடியே கூட்டினாள்.

"நாப்பத்தாறு. மொத்தம் எத்தனை பேரு?"

"அறுபத்து மூணு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஏங்க, நீங்க ஜெயிக்கிறீங்க."

தோற்றால்தான் வேலை என்று சொல்லியிருக்கிறார்கள். ஐம்பத்து மூன்று வயதில் இன்னொரு லிஃப்டுக்கு எங்கே போவது. மறுநாள் காலை முதல் வேலையாகப் பொதுச் செயலாளரைப் பார்த்தார். லிஃப்டில் கேட்டதை வெளியே சொல்லிப் பழக்கம் இல்லாததால், பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

"தோல்வி பயமா? எல்லாருக்கும் வர்றதுதான்."

"இல்லீங்கய்யா. ஜெயிச்சிடுவேனோன்னு."

பொதுச் செயலாளர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு அதை நான்கு மாடியிலும் எல்லோரிடமும் சொன்னார். நால்வரும் சிரித்தார்கள், ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் தெரிந்த காரணத்தால் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்கள்.

வாக்குப்பதிவு நடந்த அன்று ஆணையத்திலிருந்து ஒரு ஒல்லியான அதிகாரி, தோளில் பையோடு வந்து ஓரமாக உட்கார்ந்தார். காப்பி வேண்டாம் என்றார். பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். மூத்தவருக்குப் பதினேழு. லிஃப்ட்காரருக்கு நாற்பத்தைந்து. ஒன்று செல்லாதது.

பொதுச் செயலாளர் மறுபடி எண்ணச் சொன்னார். மாறவில்லை. செல்லாத சீட்டையாவது சரியாகப் பாருங்கள் என்றார். பிரித்துப் பார்த்தார்கள். அது மடிப்பில் மை ஒட்டியிருந்ததே தவிரச் செல்லக்கூடியதுதான், லிஃப்ட்காரருக்கு விழுந்ததுதான் என்று தெரிந்தது. நாற்பத்தாறு. இன்னொரு தடவை எண்ணலாமா என்று பொதுச் செயலாளர் கேட்டபோது, இதற்குமேல் எண்ணினால் இன்னும் கூடும்போலிருக்கிறதே என்று அதிகாரி சொல்லிவிட்டு, முடிவைத் தாளில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

லிஃப்ட்காரர் முகத்தில் திகைப்பு வந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை.

நான்காவது மாடியில் அவசரக் கூட்டம் கூடியது. தலைவர், மூன்று பிள்ளைகள், பொதுச் செயலாளர், வக்கீல். லிஃப்ட்காரரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். யார் துரோகி என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தன் கணக்கும் வெளியே வந்துவிடும் என்ற பயம் நான்கு பேருக்கும் இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் பொதுச் செயலாளர்தான் வழி கண்டுபிடித்தார்.

"கட்சி என்பது குடும்பம். குடும்பம் என்பது கட்சி. செயல் தலைவர் குடும்பத்துக்கு வெளியே இருக்கிறார் என்றால், அது தேர்தலின் குற்றமல்ல. அவர் பிறந்த இடத்தின் குற்றம். அந்தப் பிறவிக் குறையை நாம் பெருந்தன்மையோடு நீக்கிவிட வேண்டும். தலைவர் இவரைத் தத்து எடுத்துக்கொள்ளட்டும்."

எழுபத்தொரு வயதுக்காரர் ஐம்பத்து மூன்று வயதுக்காரரைத் தத்தெடுக்கச் சட்டத்தில் இடம் உண்டா என்று மகள் கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றார் வக்கீல். லிஃப்ட்காரருக்குத் தன் கவலை.

"எங்கப்பாவை என்னங்கய்யா பண்றது?"

"அவரு செத்துப் போயிட்டாருன்னு சொன்னியே."

"ஆமாங்க. ஆனா அப்பாதானே."

"அவர் ஆட்சேபணை தெரிவிச்சா அப்போ பாத்துக்கலாம்" என்றார் பொதுச் செயலாளர்.

அடுத்தபடியாக மூத்தவர் எதிர்ப்புக் கிளப்பினார். அவருக்கு நாற்பத்து நான்கு வயதுதான். ஐம்பத்து மூன்று வயதில் ஒருவர் வீட்டுக்கு மகனாக வந்தால் அப்புறம் மூத்தவர் யார்? இருபது வருடமாக அந்தப் பெயரை வைத்துத்தான் எல்லா போஸ்டரும் அடித்திருக்கிறது. சரி, கடைசிப் பிள்ளை என்று எழுதிவிடலாம் என்றார் வக்கீல். இதற்குச் சின்னவர் ஒப்பவில்லை. வீட்டில் செல்லப்பிள்ளை தான்தான், அதையும் பறித்தால் தனக்கு என்ன மிச்சம் என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. ஒரு மணி நேரம் இழுபறிக்குப் பிறகு, லிஃப்ட்காரர் வயதில் மூத்த, வரிசையில் நடுவான, அந்தஸ்தில் இளைய மகன் என்று முடிவாயிற்று. வக்கீல் பத்திரத்தை எழுதி உரக்க வாசித்தார். "...மேற்படியார் பிறப்பால் வந்த பிள்ளைகளுக்குரிய சகல பாத்தியதைகளையும் அடைவார்..."

"சகலம்னா?" என்று மகள் கேட்டார்.

"சகலம்னா எல்லாம்தான். கம்பெனிப் பங்கு உட்பட."

பல வருடங்களில் முதல் தடவையாக, நான்கு பேரும் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள். தலைவர் பத்திரத்தை வாங்கி நான்காகக் கிழித்தார். கட்சி கைமாறினாலும் பரவாயில்லை, பெயின்ட் கம்பெனி மாறக்கூடாது என்பதில் அந்தக் குடும்பத்தில் கருத்து வேற்றுமை கிடையாது.

அப்படியானால் நானே ராஜினாமா பண்ணிவிடுகிறேன் என்று லிஃப்ட்காரர் எழுந்தார். உண்மையிலேயே அவருக்கு அதில்தான் நிம்மதி. பண்ணினால் தொண்ணூறு நாளைக்குள் மறுதேர்தல் நடத்தியாக வேண்டும் என்றார் வக்கீல். மறுபடி ரகசிய ஓட்டு என்றதும் நால்வருடைய பார்வையும் மேஜைக்கே திரும்பிவிட்டது.

"தேர்தல்னு ஒண்ணு வெச்சாத்தானே இந்த வம்பெல்லாம்" என்றார் தலைவர். "புதுக் கட்சி ஆரம்பிச்சிடலாம்."

ஒரே வாரத்தில் ஆரம்பித்தார்கள். கிடங்கில் கத்திரிப்பூ நிறம் தேங்கியிருந்தது, கொடி தயாராயிற்று. பிரஷ் போனால் போகட்டும், ரோலர்தான் வேகமாகப் பூசும் என்று பொதுச் செயலாளர் பேட்டி கொடுத்தார். முதல் விதியே, இந்தக் கட்சியில் அனைவரும் ஒருமனதானவர்கள் என்பதால் தேர்தல் தேவையில்லை என்பது. அறுபத்து மூன்று பேரும் அங்கே போனார்கள். தலைமையகத்தைப் பூட்டிச் சாவியைக் கம்பெனிக்குக் கொண்டுபோனார்கள். லிஃப்ட்காரர் கையில் வேலை போன கடிதமும், பழைய கட்சியின் ரப்பர் முத்திரையும், உறுப்பினர் பதிவேடும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டு முன்னறையில் செயற்குழு கூடியது. பதினொரு பேர் வந்தார்கள். எல்லோரும் பூட்டிய கட்டடத்தில் வேலை பார்த்தவர்கள்: கேட் காவலாளி, டைப்பிஸ்ட் அம்மா, கூட்டிப் பெருக்குகிற அக்கா, இரண்டு டிரைவர்கள், இப்படி. யூனிஃபார்மைத் திருப்பி வாங்கியவர்கள் உறுப்பினர் அட்டையை வாங்க மறந்துவிட்டார்கள். நிர்வாகிகள் பட்டியலை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தார்கள். மகளிர் அணித் தலைவி என்ற இடம் வந்ததும் காவலாளி ஒரு பெயரைச் சொன்னார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

டீத் தட்டோடு வந்த மனைவி, தாளை எட்டிப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இதுல எதுக்கு என் பேரு?"

"நீங்கதானே அண்ணி தலைவரோட வீட்டுக்காரம்மா" என்றார் காவலாளி.

"நான் கட்சியில மெம்பரே கிடையாதே."

"அது பின்னால போட்டுக்கலாம் அண்ணி."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தார். தப்பு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவள் பொறுமைசாலி, அறுநூறு பேரைச் சமாளிக்கிறவள், கணக்கில் புலி. காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றுகூடப் பொய் இல்லை.

"நீங்க தலைவராகி எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஒம்பது நாள்."

"அந்தக் குடும்பத்துக்கு இதுக்கு ரெண்டு தலைமுறை ஆச்சு" என்று சொல்லிவிட்டு, அவள் ஒவ்வொருவருக்காக டீயை நீட்டினாள்.

லிஃப்ட்காரரின் காது மடல் சிவந்துபோயிற்று. பேனாவை எடுத்து அவள் பெயரை அடித்தார். யாருக்கு அந்தப் பதவி வேண்டும் என்று கேட்டார். கூட்டிப் பெருக்குகிற அக்காவும் டைப்பிஸ்ட் அம்மாவும் கையைத் தூக்கினார்கள். காகிதத்தைக் கிழித்துச் சீட்டுப் போட்டார்கள். அக்காவுக்கு ஏழு, டைப்பிஸ்ட் அம்மாவுக்கு ஐந்து. டைப்பிஸ்ட் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீயை வைத்தது வைத்தபடி எழுந்து போய்விட்டார். அந்தக் கட்சி தொடங்கிய நாளிலிருந்து, தோற்றதற்காக ஒருவர் நிஜமாகவே அழுதது அன்றைக்குத்தான்.